கோத்தன்பர்க் ஆர்கன் விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எல்ஃப்ரிதாவைப் பின்தொடர்ந்து ஒரு சுற்று

ஆர்கன் விழாவுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. நிகழ்ச்சிநிரலைக் கையில் எடுத்ததும் கண்ணில் பட்ட கச்சேரிக்கெல்லாம் டிக்கெட் வாங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் காது மரத்துப்போய், எல்லாமே ஒரே இரைச்சலாகக் கேட்கும். அப்புறம் "ஆர்கன் நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், ஆர்கன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கிறது கோத்தன்பர்க். அங்கே இலையுதிர் காலத்தில், வழக்கமாக அக்டோபரில், பன்னாட்டு ஆர்கன் விழா நடக்கிறது. 1990-களில் ஆர்கன் கலைஞர்களுக்கான பயிற்சிக்கூடமாகத் தொடங்கி, பொதுமக்களும் வந்து கேட்கிற விழாவாக வளர்ந்தது. நூற்றாண்டு வாரியாக, விதவிதமான பாணியில் கட்டிய ஆர்கன்கள் பெரும்பாலும் நடந்து போகிற தூரத்திலேயே இருக்கின்றன. ஒரு கதீட்ரலின் ஆர்கன் பொறுப்பு ஒரு பெண்ணின் கைக்கு வந்து, 60 ஆண்டுக்கு மேல் அவரிடமே இருந்த ஊரும் இதுதான். அவர் பெயர் எல்ஃப்ரிதா ஆந்த்ரே. எல்லாவற்றையும் கேட்க ஆசைப்படாமல் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பதுதான் என் யோசனை. ஆர்கனில் பெண்கள் என்ன செய்தார்கள், செய்ய விடாமல் அவர்களை எப்படித் தடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் விழா தானாகவே பிடிபட்டுவிடும்.

1. கிளம்புவதற்கு முன்: கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் சர்ச்சுகளில் பாட்டுக்கு வாசிக்கிற மின்னணுக் கீபோர்டையே ஆர்கன் என்றுதான் சொல்கிறோம். இங்கே பேசுவது குழாய் ஆர்கனைப் பற்றி. ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: துருத்தி காற்றைத் தள்ளுகிறது, கட்டையை அழுத்தினால் காற்றுக்கு வழி திறந்து ஒலி வருகிறது. குழாய் ஆர்கனிலும் அடிப்படை அதுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும், ஒவ்வொரு ஒலிநிறத்துக்கும் தனித்தனிக் குழாய். அதனால்தான் ஒரே கருவியில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கின்றன.

கைக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று அடுக்கடுக்காகக் கட்டைவரிசைகள். காலுக்குத் தனியாக ஒரு வரிசை. பக்கவாட்டில் இழுக்கிற குமிழ்களுக்கு ஸ்டாப் என்று பெயர். எந்தக் குழாய்வரிசைக்குக் காற்று போக வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். குமிழ்மேல் 8, 4, 16 என்று எண் போட்டிருக்கும். அது அந்த வரிசையின் மிகக் கீழ்ஸ்வரக் குழாயின் நீளம், அடிக்கணக்கில். 8 என்றால் பியானோவில் வருகிற அதே சுருதி, 4 என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாயும் இருக்கும். அதன் கடைசி ஸ்வரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. அது காதில் விழுவதைவிட உட்கார்ந்திருக்கிற பெஞ்சில்தான் அதிகம் தெரியும்.

சென்னையில் இருப்பவர்கள் விமானம் ஏறும் முன் ஒரு ஞாயிறு காலை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்கோ, எழும்பூர் கர்க்குக்கோ போய் வாருங்கள். இரண்டிலும் குழாய் ஆர்கன் இருக்கிறது. போகும் முன் அன்றைய ஆராதனையில் அது ஒலிக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஸ்பீக்கர் வழியாக ஆயிரம் முறை கேட்டாலும் காற்று நேராக வந்து மோதுகிற அனுபவம் கிடைக்காது.

வீட்டில் கேட்டுப் பழக வேண்டும் என்றால் இங்கிலாந்தின் ஆனா லாப்வுட்டில் தொடங்கலாம். திரைப்பட இசையையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் (Bach) படைப்புகளையும் ஒரே மேடையில் வாசித்து, ஆர்கன் பக்கமே தலைவைத்துப் படுக்காத இளைஞர்களை இழுத்து வந்தவர். பண்டிதர்கள் சிலருக்கு அவரைப் பிடிக்காது. நீங்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அவரிடமிருந்து, ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மனி கச்சேரி மண்டபத்து ஆர்கனிஸ்டான லாத்வியாவின் ஈவெத்தா அப்கல்னாவுக்கு வாருங்கள். அதற்கப்புறம் பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் மூன்று முறை பதிவுசெய்த பிரான்ஸின் மரி-கிளேர் அலேனைக் கேளுங்கள். இந்த மூன்று பேரும் போதும்.

2. எல்ஃப்ரிதா யார் என்று படித்துவிட்டுப் போங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். இது இல்லாமல் போனால் கோத்தன்பர்க் கதீட்ரல் இன்னொரு வெள்ளைச் சுவர்க் கட்டடமாகத்தான் தெரியும்.

எல்ஃப்ரிதா 1841-இல் காட்லாந்து தீவின் விஸ்பி நகரில் பிறந்தார். அப்பா மருத்துவர், முற்போக்கான கருத்துள்ளவர், இசைப்பித்தர். பதின்ம வயதிலேயே மகளை ஸ்டாக்ஹோமுக்குப் படிக்க அனுப்பினார். 1857-இல் எல்ஃப்ரிதா ஆர்கனிஸ்ட் தேர்வில் தேறினார். தேறி என்ன பயன்? தேவாலய ஆர்கனிஸ்ட் வேலை சட்டப்படி ஆண்களுக்கு மட்டும். பட்டம் கையில், வேலைக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது.

மகளும் அப்பாவும் விடவில்லை. சட்டத்தை மாற்றச் சொல்லி மனு மேல் மனுவாகப் போட்டார்கள். 1861-இல் சட்டம் மாறியது. அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமின் ஃபின்னிஷ் தேவாலயத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அத்தோடு நின்றாரா? தந்தி இயக்கும் வேலையையும் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று போராடி, 1863-இல் அந்தச் சட்டத்தையும் மாற்ற வைத்தார். ஸ்வீடனின் முதல் பெண் தந்தியாளர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பெண்ணினத்தை உயர்த்துவதே தன் லட்சியம் என்று அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

1867-இல் கோத்தன்பர்க் கதீட்ரலுக்கு ஆர்கனிஸ்ட் தேவைப்பட்டது. போட்டியிட்ட மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். வேலை 26 வயது எல்ஃப்ரிதாவுக்குக் கிடைத்தது. 1929 ஜனவரியில் இறக்கும்வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். நடுவே சும்மா இருக்கவில்லை. ஆர்கனுக்கு இரண்டு சிம்பனிகள், ஆர்கெஸ்ட்ராவுக்குச் சிம்பனிகள், எழுத்தாளர் செல்மா லாகர்லோஃப் பாடல்வரிகளில் பங்கெடுத்த ஓர் ஆபெரா (இசைநாடகம்) என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1897 முதல் உழைக்கும் மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் நூற்றுக்கணக்கான கச்சேரிகளையும் நடத்தினார்.

1869-இல் அவருடைய முதல் சிம்பனி ஸ்டாக்ஹோமில் அரங்கேறியபோது கடைசிப் பகுதியில் முதல் வயலின்காரர்கள் மற்றவர்களுக்கு ஒரு தாளக்கட்டு பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்பது அவர் எண்ணம். எழுதிய இசை காகிதத்தில் இருக்கிறது, அதை ஒலிக்க வைப்பதோ அடுத்தவர் கையில். ஆர்கனில் அந்தத் தொல்லை கிடையாது. பெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஆளின் கைகால்களுக்குள். ஆர்கனை அவர் கடைசிவரை விடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

3. விசா, பயணம், தங்கல்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போட்டால் ஏற்க மாட்டார்கள். விழா நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் தேதி உறுதியான பிறகு டிக்கெட் போடுங்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். தங்கும் இடத்தை ஹாகா, வாசா பகுதிகளில் பிடித்தால் பெரும்பாலான கச்சேரிகளுக்கு நடந்தே போய்விடலாம். டிராம் டிக்கெட்டை வெஸ்ட்டிராஃபிக் செயலியில் வாங்கலாம்.

ரொக்கம் கொண்டுபோய்ப் பயனில்லை. காப்பிக் கடையிலிருந்து தேவாலய உண்டியல்வரை கார்டுதான். "ஸ்விஷ்" என்று எழுதியிருந்தால் அது கைபேசியில் பணம் அனுப்பும் செயலி, ஸ்வீடன் வங்கிக் கணக்கு இல்லாமல் அதில் பணம் போட முடியாது. கார்டு எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.

4. கச்சேரியைத் தேர்வதற்கு முன் ஆர்கனைத் தேர்ந்தெடுங்கள்

பியானோ கச்சேரி என்றால் யார் வாசிக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யலாம். ஆர்கனில் அது போதாது. கருவியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அது இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். ஒவ்வொன்றும் வேறு காலம், வேறு குணம். கோத்தன்பர்க்கில் புதியவர்கள் இந்த வரிசையில் போனால் நல்லது.

முதலில் வாசா தேவாலயம். 1909-இல் கருங்கல்லில் கட்டியது, ஆர்கனும் அந்தக் காலத்து ரொமான்டிக் பாணி. ஒலி மெல்ல மெல்ல ஏறி, கூரையைத் தொட்டு, இறங்கும். எல்ஃப்ரிதாவின் இசைக்கு இந்தக் குரல் பொருந்தும். அவருடைய முதல் ஆர்கன் சிம்பனி நிரலில் இருந்து, அது இங்கே நடந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கதீட்ரல். இரண்டு தீ விபத்துகளுக்குப் பிறகு 1815-இல் எழுந்த கட்டடம். எல்ஃப்ரிதா வந்தபோது இருந்தது 1849-இல் மார்க்குசன் பட்டறை கட்டிய ஆர்கன். உள்ளே இருக்கிற கருவி பிற்பாடு மாற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் அவர் வாரந்தவறாமல் வந்து வாசித்த இடம் இதுதான். கச்சேரி இல்லாத நேரத்திலும் உள்ளே போய்ப் பின்பக்க மாடத்தை நிமிர்ந்து பாருங்கள்.

மூன்றாவது நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது ஓர்கிரூட்டெ புதிய தேவாலயம். மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, டிராமில் போக வேண்டும். அங்கே 17-ஆம் நூற்றாண்டு வட ஜெர்மன் ஆர்கன் எப்படி இருந்தது என்று ஆராய்ந்து, ஆர்ப் ஷ்னிட்கர் என்ற கைவினைஞரின் முறையில் பல்கலைக்கழகமும் ஆசாரிகளும் சேர்ந்து புதிதாகக் கட்டிய ஆர்கன் இருக்கிறது. 2000-இல் முடிந்தது. நான்கு கட்டைவரிசை, 54 ஸ்டாப்.

இதை முதல் நாளே கேட்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இதன் சுருதி அமைப்பு பியானோவினுடையது அல்ல. சில ஸ்வரக்கூட்டுகள் துளி அலைகூட இல்லாமல் சுத்தமாக ஒலிக்கும், சில கசக்கும். பழக்கமில்லாத காதுக்குச் சுருதி விலகியதுபோல் தெரியும். கட்டைகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் சில கறுப்புக் கட்டைகள் நடுவில் குறுக்கே பிளந்து, முன்பாதி ஒன்றும் பின்பாதி சற்று உயரமாக இன்னொன்றுமாக இருக்கும். நாம் ஒரே ஸ்வரம் என்று நினைக்கிற இரண்டும் இங்கே தனித்தனி. வாசிப்பவர் விரலை அரை அங்குலம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும், பாட்டின் வேகத்திலேயே.

இந்த ஆர்கனில்தான் ஆனா ஃபோன் ஹௌஸ்வோல்ஃப் 2020-இல் வெளிவந்த தன் முழு ஆல்பத்தையும் பதிவுசெய்தார். கோத்தன்பர்க்கிலேயே பிறந்தவர், ராக் இசை, ஒரே ஸ்வரத்தை நீட்டி ஒலிக்கிற ட்ரோன் இசை ஆகியவற்றின் பக்கத்திலிருந்து ஆர்கனுக்கு வந்தவர். 2021 டிசம்பரில் பிரான்ஸின் நான்ட் நகரத் தேவாலயம் ஒன்றில் அவர் வாசிக்க இருந்தபோது, இது சாத்தானின் இசை என்று பழைமைவாதக் கத்தோலிக்கர்கள் வாசலை மறித்தார்கள். கச்சேரி ரத்தானது. 1861-இல் முடிந்துபோன சண்டை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் ஹாகா தேவாலயத்தில் இருக்கிற 1992-ஆம் ஆண்டு பிராம்பா என்பவர் கட்டிய ஆர்கனையும், யோட்டா சதுக்கத்துக் கச்சேரி மண்டபத்தில் 2021-இல் திறந்த, ரீகர் நிறுவனம் கட்டிய ஆர்கனையும் கேளுங்கள். மண்டபத்தில் வாசிப்பவரை நேராகப் பார்க்க முடியும் என்பது புதியவர்களுக்கு ஒரு வசதி. ஆனால் கல் தேவாலயத்தில் ஒலி கரைந்து அடங்குகிற அந்த நீளம் அங்கே கிடைக்காது.

5. நிகழ்ச்சிநிரலை எப்படிப் படிப்பது

பெண்களைக் கொண்டாடும் கச்சேரி என்று அறிவித்துவிட்டு, ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் ஒரு பெண்ணின் ஐந்து நிமிடப் படைப்பைச் சொருகி வைப்பது ஐரோப்பா முழுவதும் நடக்கிற வேலை. பெயர்களை எண்ணாதீர்கள், நிமிடத்தைக் கணக்குப் பாருங்கள். படைப்பாளி யார், வாசிப்பவர் யார், விளக்கவுரை தருபவர் யார் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பெயர்கள் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்:

ஃபான்னி ஹென்சல். ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சோனின் அக்கா. 1829 அக்டோபரில் தன் திருமணத்துக்குத் தம்பி ஆர்கன் இசை எழுதித் தருவார் என்று காத்திருந்தார். தம்பி லண்டனில் அடிபட்டுப் படுத்துவிட்டார். கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதே திருமணத்துக்கு அவர் எழுதிய எஃப் மேஜர் பிரெலூட் (முன்னிசை) சின்னது, முதல்முறை கேட்பவருக்கும் உடனே பிடிக்கும்.

நாடியா பூலாஞ்சே. இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசை ஆசிரியர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். 1911-இல் ஆர்கனுக்கு மூன்று சிறு படைப்புகளை எழுதினார்.

ஃப்ளாரன்ஸ் பிரைஸ். அமெரிக்கக் கறுப்பினப் பெண், சிகாகோவில் ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி 2009-இல், பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் கிடைத்தது. பல பகுதிகள் கொண்ட அவருடைய ஆர்கன் தொகுப்பில் (சூட்) பாக்கின் பாணியும் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆன்மிகப் பாடல்களும் ஒன்றாக வரும்.

ஜான் தெமெசியூ. 1921-இல் பிறந்து 1968-இல் மறைந்த பிரெஞ்சுக்காரர். குதிகால் உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டே மிதிகட்டை வாசிப்பார். அவருடைய எட்யூடுகளை, அதாவது பயிற்சிப் படைப்புகளை, யாராவது வாசித்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

சோஃபியா குபைதூலினா. ரஷ்ய இசையமைப்பாளர். ஒளியும் இருளும் என்ற பொருளில் தலைப்பிட்ட 1976-ஆம் ஆண்டுப் படைப்பு கடினம். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி. அதற்கு மேல் வேண்டாம்.

6. உள்ளே போனதும்

தேவாலயத்தில் ஆர்கன் பெரும்பாலும் வாசலுக்கு மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பெஞ்சுகள் பீடத்தைப் பார்த்திருக்கும். முதல் வரிசைக்கு அடித்துப்பிடித்து ஓடுவதில் லாபம் இல்லை. மாடத்துக்கு நேர் கீழேயும் உட்கார வேண்டாம், ஒலி தலைக்கு மேலே போய்விடும். நடுப்பகுதிக்குச் சற்று முன்னால்தான் சரியான இடம். மேலே நடப்பதைத் திரையில் காட்டினால் வாசிப்பவர் பக்கத்தில் நிற்கிறவரையும் கவனியுங்கள். பக்கம் புரட்டுவதோடு, சரியான நொடியில் ஸ்டாப்பை இழுப்பதும் தள்ளுவதும் அவர்தான். அவர் ஒரு நொடி தவறினால் கச்சேரியே ஆட்டம் கண்டுவிடும்.

கடைசி ஸ்வரம் நின்ற பிறகும் ஒலி சுவர்களில் சில நொடி உலாவும். அது அடங்கும்வரை கைதட்டாதீர்கள். வாசித்தவர் மாடத்தின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்ப்பார், அப்போது எழுந்து திரும்பி நின்று தட்டலாம்.

அக்டோபரில் மழையும் காற்றும் மாறி மாறி வரும். பழைய தேவாலயங்களில் சூடு கொஞ்சம்தான். உள்ளே போனபின் கோட்டைக் கழற்றுவேன் என்று கணக்குப் போட வேண்டாம். நெகிழிப் பை, மிட்டாய்க் காகிதச் சத்தம் கூடவே கூடாது. மெல்லிய குழாய் ஒன்று தனியாக ஒலிக்கும் நேரத்தில் அது எல்லோருக்கும் கேட்கும்.

7. மாடத்துக்கு ஏறிப் பாருங்கள்

ஆர்கனை அருகில் காட்டி விளக்கும் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் ஒரு கச்சேரியை விட்டுவிட்டாவது போங்கள். படிக்கட்டு குறுகலாகச் சுற்றிச் சுற்றி ஏறும். மேலே போனால் கருவியின் முகம் மட்டும் இல்லை, வயிறும் தெரியும்: பென்சில் தடிமனில் தொடங்கி ஆள் நுழைகிற அகலம்வரை குழாய்கள், கட்டையிலிருந்து குழாய்வரை போகிற மெல்லிய மரக்கம்பிகள். ஓர்கிரூட்டெயில் துருத்திகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மின்மோட்டார் வருவதற்கு முன் எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் பின்னால் நின்று துருத்தியை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்ஃப்ரிதா தனியாகப் பயிற்சி செய்ய நினைத்தாலும் அந்த ஆள் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்: இந்த ஆர்கனில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஸ்டாப் எது? அதை மட்டும் வாசித்துக் காட்டுவீர்களா? பெஞ்சின் உயரத்தை மாற்ற முடியுமா? கடைசிக் கேள்வி சும்மா கேட்பது அல்ல. பழைய கருவிகளில் பெஞ்சும் கட்டைக்கும் மிதிகட்டைக்கும் உள்ள தூரமும் ஒரு குறிப்பிட்ட உடலளவை வைத்து அமைந்தவை. கால் எட்டாமல் விளிம்பில் உட்கார்ந்து வாசிப்பது எப்படி என்று பெண் ஆர்கனிஸ்டுகள் விவரமாகச் சொல்வார்கள்.

உங்களுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்றால் "ஒரு நிமிடம் தொடலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பலர் சரி என்பார்கள். தடித்த மழை ஷூவோடு மிதிகட்டையில் கால் வைக்காதீர்கள். கழற்றிவிட்டுச் சாக்ஸோடு உட்காருங்கள்.

8. இடைவேளையில்

இரண்டு கச்சேரிக்கு நடுவே ஹாகாவின் மரவீட்டுத் தெருவுக்குப் போனால் தட்டு அகலத்துக்கு லவங்கப்பட்டை பன் கிடைக்கும். ஒன்று வாங்கினால் இருவருக்குத் தாராளம். விழாவுக்கு வந்திருக்கிற மாணவர்களும் ஆர்கன் கட்டுபவர்களும் பக்கத்து மேசையில் இருக்க வாய்ப்பு உண்டு. நிகழ்ச்சிநிரல் கையில் இருந்தால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். எல்ஃப்ரிதாவின் சிம்பனியை எங்கே கேட்டீர்கள், யார் வாசித்தார்கள் என்று கேட்டால் போதும், அடுத்த கச்சேரிக்கு மணி அடிக்கும்வரை அவர்கள் நிறுத்த மாட்டார்கள்.